விறகும் கணக்கும்: உயிர்த்திணிவுச் சக்தி பற்றிய சர்வதேச ஒத்துழைப்பு – ஒரு விமர்சன நோக்கு

விறகு, உமி, வைக்கோல், கரும்புச் சக்கை, சாணம், மரத்தூள், பாம் எண்ணெய் ஆகிய யாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ்க் கொணரும் சொல்லாக இன்று 'உயிர்த்திணிவு' என்பது வழங்குகின்றது. தாவரங்களும் விலங்குகளும் தோற்றுவிக்கும் சேதனப் பொருள் முழுவதும் இதனுள் அடங்கும். விஞ்ஞானியின் நோக்கில் இத்தொகுப்பில் குறை காண்பதற்கில்லை. சூரிய சக்தி ஒளித்தொகுப்பின் வழியே இரசாயன சக்தியாகச் சேமிக்கப்படுகின்றது. எரிக்கப்படும்போது அது மீண்டும் வெளிப்படுகின்றது. ஆனால் அரசாங்கங்களும் சர்வதேச நிறுவனங்களும் இச்சொல்லைக் கையாளத் தொடங்கியதும் இதற்கு இரு வேறு வாழ்வுகள் ஏற்பட்டுவிட்டன.

உலகில் ஏறத்தாழ 210 கோடி மக்கள் இன்றும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் முதலிய புகை மிகுந்த எரிபொருள்களைக் கொண்டே சமைக்கின்றனர். வீட்டினுள் நிறையும் இப்புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவர்கள் எரிக்கும் விறகு அறிக்கைகளில் 'மரபுவழி உயிர்த்திணிவு' எனப்படும், அது ஒழிக்கப்படவேண்டியது. பிரித்தானியாவிலோ டென்மார்க்கிலோ பெரிய மின் நிலையமொன்றில் எரிக்கப்படும் மரம் 'நவீன உயிர்ச்சக்தி' எனப்படும். அது வளர்க்கப்படவேண்டியது, மானியம் பெறவேண்டியது. இவ்விரண்டுக்குமிடையே தொழினுட்ப வேறுபாடு உண்டு என்பதை மறுக்கமுடியாது. மூன்று கல் அடுப்பின் புகையையும் வடிகட்டி பொருத்திய புகைபோக்கியையும் ஒன்றெனக் கூறுவது அறிவுடைமையாகாது. ஆயினும் எரிப்பவர் யார் என்பதும் இவ்வேறுபாட்டினுள் சத்தமின்றிப் புகுந்துவிடுகின்றது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

'உயிர்மூலப் பொருளாதாரம்' என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. உருமேனியாவிற் பிறந்து அமெரிக்காவிற் கற்பித்த பொருளியலறிஞர் நிக்கலஸ் ஜோர்ஜெஸ்கு-ரோகன், வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைப் பொருளியலுக்குப் பிரயோகித்து 1971இல் நூலொன்றை வெளியிட்டார். மனிதனின் பொருளாதார வாழ்வு உயிரியல் வாழ்வின் நீட்சியே என்றும், பயன்படத்தக்க சக்தியும் சடமும் மீளப்பெற முடியாதவாறு குறைந்து செல்வதால் முடிவற்ற வளர்ச்சி இயலாது என்றும் அவர் வாதித்தார். எழுபதுகளில் இவ்வகைச் சிந்தனைக்கு அவர் இட்ட பெயர்தான் உயிர்ப்பொருளியல். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் 2009இலும் ஐரோப்பிய ஆணைக்குழு 2012இலும் வெளியிட்ட ஆவணங்களில் இதே சொல் மீண்டும் வந்தது. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆவணம் நிலைபேறான வளர்ச்சி என்பதைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது. எல்லையைக் குறிக்க எழுந்த சொல் வளர்ச்சியின் பெயர்ப்பலகையாயிற்று. சொற்கள் பொருள் மாறுவது மொழியியலாளருக்குப் புதிதன்று. எனினும் இம்மாற்றத்துக்கு நாற்பதாண்டுகளே போதியனவாயின.

ஒத்துழைப்பின் வரலாற்றை நோக்குமிடத்து, அது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு தொடங்குவதைக் காணலாம். எண்ணெய் இறக்குமதி செய்யும் செல்வந்த நாடுகள் 1974இல் சர்வதேச சக்தி முகவரகத்தை அமைத்தன. 1978இல் அதன் அணைப்பில் உயிர்ச்சக்தி ஆராய்ச்சிக்கான ஓர் உடன்பாடு தோன்றியது. இதற்கிடையே, 1975 நவம்பரில், பிரேசிலின் இராணுவ ஆட்சி கரும்பிலிருந்து எதனோல் உற்பத்தி செய்யும் தேசியத் திட்டத்தைப் பிரகடனப்படுத்தியது. இது பிரேசில் தன் சொந்தத் தேவைக்காக வகுத்த திட்டம். 1979இல் முற்றாக எதனோலில் ஓடும் கார் அங்கு விற்பனைக்கு வந்தது.

1981 ஓகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபை நைரோபியில் புதிய, புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்கள் பற்றிய மாநாட்டைக் கூட்டியது. அங்கு விறகுப் பஞ்சம் முக்கிய பொருள்களுள் ஒன்றாயிருந்தது. எண்ணெய் விலை செல்வந்தரை வருத்திய அதே காலத்தில் வறியவரை விறகுத் தட்டுப்பாடு வருத்தியது என்பதை அம்மாநாடு உலகின் முன் வைத்தது. அன்றைய கேள்வி அடுப்பங்கரையைப் பற்றியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வியே மாறிவிட்டது. கார்களுக்கும் மின் நிலையங்களுக்கும் எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதே இப்போதைய கேள்வி.

இம்மாற்றத்தின் பின்னர் 'ஒத்துழைப்பு' எவ்வாறு இயங்கியது என்பதற்கு 2007 மார்ச்சில் பிரேசிலும் ஐக்கிய அமெரிக்காவும் செய்துகொண்ட புரிந்துணர்வு உடன்படிக்கை தக்க சான்று. இரு நாட்டுத் தலைவர்களும் எதனோல் ஆராய்ச்சியிலும் மூன்றாம் நாடுகளுக்கு அத்தொழினுட்பத்தைக் கொண்டுசெல்வதிலும் கைகோர்ப்பதாக அறிவித்தனர். ஆனால் இறக்குமதி எதனோல் மீது அமெரிக்கா விதித்திருந்த கலனுக்கு 54 சத வரியில் ஒரு சதமும் குறையவில்லை. அமெரிக்கச் சோளச் செய்கையாளரைப் பாதுகாத்த அவ்வரி 2011ஆம் ஆண்டின் இறுதிநாள் வரை நீடித்தது. தன் சந்தையின் கதவைச் சாத்திக்கொண்டே பிறர் நிலத்தில் எவ்வாறு விதைப்பது என்று கூடிப் பேசுவதும் ஒத்துழைப்பெனவே பெயர் பெற்றது.

அந்நிலம் எங்கிருந்தது என்பதற்குத் தன்சானியாவின் கிசறாவே மாவட்டம் பதில் கூறும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் 2010ஆம் ஆண்டுக்கான உயிரெரிபொருள் இலக்காக 5.75 வீதத்தை நிர்ணயித்தது. 2009இல் போக்குவரத்துச் சக்தியில் 10 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து 2020இல் வரவேண்டும் என விதித்தது. இவ்விலக்குகள் உருவாக்கிய சந்தையை நம்பி ஒரு பிரித்தானியக் கம்பனி கிசறாவேயில் 8,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைக் காட்டாமணக்குச் செய்கைக்காக 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. வறண்ட, பயனற்ற மண்ணிலும் காட்டாமணக்கு செழித்து எண்ணெய் தரும் என அக்காலத்திற் பெரிதும் நம்பப்பட்டது. செடி வளர்ந்ததென்னவோ உண்மை. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. 2011இல் செய்கை கைவிடப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். அந்நாட்டுச் சட்டப்படி கிராம நிலம் வெளிநாட்டு முதலீட்டாளரிடம் செல்லுமுன் 'பொது நில'மாக மாற்றப்படல் வேண்டும். கம்பனி போன பின்னும் நிலம் தானாகக் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. 'பயனற்ற நிலம்' என்று ஆவணங்கள் கூறியது கிராமத்தவர் விறகும் தண்ணீரும் மூலிகையும் பெற்ற நிலமே. ஐரோப்பிய இலக்கும் ஆபிரிக்கக் குத்தகையும் ஒரே காரண காரியத் தொடரின் இரு முனைகள் எனினும், இலக்கை விதித்தவர் எவரும் குத்தகைக்குப் பொறுப்பேற்கவில்லை.

இத்தகைய அனுபவங்கள் சர்வதேச நிறுவனங்களை எட்டவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. 2005இன் கிளெனீகிள்ஸ் மாநாட்டில் எட்டு நாடுகள் எடுத்த முடிவின்படி 2006இல் உலக உயிர்ச்சக்திப் பங்காளியம் தொடங்கியது. அதன் செயலகம் உரோம் நகரில், உணவு விவசாய நிறுவனத்தில் அமைந்தது. 2011இல் அது 24 நிலைபேற்றுச் சுட்டிகளை வெளியிட்டது. சூழலுக்கு எட்டு, சமூகத்துக்கு எட்டு, பொருளாதாரத்துக்கு எட்டு. இச்சுட்டிகளைப் படிப்போர் அவற்றின் நுண்மையைப் பாராட்டாதிருக்க முடியாது. புதிய உயிர்ச்சக்திச் செய்கைக்காக நிலம் எவ்வாறு ஒதுக்கப்படுகின்றது, உணவின் விலை என்னாகின்றது, பெண்களும் சிறுவரும் ஊதியமின்றி விறகு சேர்க்கச் செலவிடும் நேரம் எவ்வளவு மாறுகின்றது, வீட்டுப் புகையினால் வரும் மரணம் குறைகின்றதா என்பன யாவும் அவற்றுள் உண்டு. நைரோபியில் எழுந்த அடுப்பங்கரைக் கேள்வி இங்கு மறக்கப்படவில்லை.

ஆனால் அதே ஆவணம் இச்சுட்டிகள் விழுமிய நடுநிலையானவை எனவும், திசையோ எல்லையளவோ கொண்டிராதவை எனவும், சட்டப்படி எவரையும் பிணிக்காதவை எனவும் தெளிவாக உரைத்துவிடுகின்றது. விறகு சேர்க்கும் நேரம் கூடினால் அது தீதா நன்றா என்பதை அளவுகோல் சொல்லாது. நோயாளியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, காய்ச்சல் என்ற சொல்லை மட்டும் உச்சரிக்க மறுக்கும் வைத்தியரை ஒத்தது இந்நடுநிலைமை. உடன்பாடு காணும் பொருட்டே இவ்வாறு எழுதவேண்டியிருந்தது என்பர். மெய்தான், விற்கும் நாடும் வாங்கும் நாடும் ஒரே மேசையிலிருந்து எழுதும்போது இருவரையும் சுடாத வாசகமே எஞ்சும். 2024இல் பிரேசில் தலைமை வகித்த இருபது நாடுகள் குழு உயிர்மூலப் பொருளாதாரம் பற்றி ஏற்றுக்கொண்ட பத்துக் கோட்பாடுகளும் இவ்வகையினவே.

அவ்வாறாயின் பிணிக்கும் விதிகள் எங்கே உள்ளன? அவை வாங்குவோரின் சட்டப் புத்தகங்களில் உள்ளன. அவற்றை நன்கறிய, வட யோக்சயரில் உள்ள ட்ராக்ஸ் மின் நிலையத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இது முதலில் நிலக்கரிக்காகவே கட்டப்பட்டது; முதற் பகுதி 1970களிலும் இரண்டாம் பகுதி 1986இலும் நிறைவுற்றன. ஆறு பிறப்பாக்கிகளுடன் கட்டப்பட்ட இது பிரித்தானியாவின் மிகப் பெரிய மின் நிலையமாகும். 2013 தொடக்கம் 2018 வரை இதன் நான்கு பிறப்பாக்கிகள் மரக்குறுணிகளை எரிப்பனவாக மாற்றப்பட்டன. மரத்தைத் தூளாக்கி, உலர்த்தி, உயரழுத்தத்திற் சிறு உருளைகளாக்குவதே மரக்குறுணி. ஆண்டொன்றுக்கு ஆறு, ஏழு மில்லியன் தொன் வரை அங்கு எரிந்ததுண்டு. 2024இல் பிரித்தானிய மின்சாரத்தில் ஏறத்தாழ 5 வீதம் இந்நிலையத்திலிருந்து வந்தது. இக்குறுணிகளில் மிகப் பெரும்பகுதி லூசியானா, மிசிசிப்பி முதலான அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் கனடாவிலும் ஆக்கப்பட்டுக் கடல்வழியே வருகின்றது.

ஓரலகு மின்சாரத்துக்கு எரியும் மரம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, நிலக்கரி வெளிவிடுவதிலும் குறைந்ததன்று. இருந்தும் பிரித்தானியாவின் சக்திக் கணக்கில் அது பூச்சியமாகப் பதியப்படுகின்றது. இதற்கு அடிப்படை, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு வகுத்த கணக்கியல் விதி. மரம் வெட்டப்படும்போதே காடு இழந்த காபன், வெட்டிய நாட்டின் நிலப்பயன்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றது. எரிக்கும் நாட்டில் மீண்டும் எழுதினால் ஒரே காபன் இருமுறை எண்ணப்படும். ஆகவே எரிக்குமிடத்தில் பூச்சியம். விதியளவில் இது பிழையன்று. எல்லா நாடுகளும் இரு கணக்குகளையும் ஒழுங்காக எழுதி, இரண்டுக்கும் பொறுப்பேற்குமாயின் கூட்டுத்தொகை சரியாகவே வரும்.

நடந்தது வேறு. கியோட்டோ உடன்பாட்டில் ஐக்கிய அமெரிக்கா 1998இல் ஒப்பமிட்டதேயன்றி அதனை ஏற்புறுதி செய்யவில்லை. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. எனவே பேரேட்டின் ஒரு பக்கத்தில், எரிக்கும் ஐரோப்பாவில், பூச்சியம் சட்ட வலுவுடன் எழுதப்பட்டது. 2005இல் தொடங்கிய ஐரோப்பிய காபன் வணிகத் திட்டமும் அதனை அவ்வாறே ஏற்றது. மறு பக்கத்தில், வெட்டும் அமெரிக்காவில், எழுதப்பட்ட தொகைக்கு எவரும் பொறுப்பாளியாகவில்லை. 2015இன் பாரிஸ் உடன்பாடு இவ்விடைவெளியை ஓரளவு குறைத்தபோதிலும், அதிலிருந்தும் அமெரிக்கா ஒருமுறை விலகி, 2021இல் மீண்டு வந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகும் முடிவை அறிவித்தது. திமதி சேர்ச்சிங்கரும் அவருடன் சேர்ந்த அறிஞரும் 2009இலேயே 'சயன்ஸ்' சஞ்சிகையில் இக்கணக்கியல் வழுவைச் சுட்டிக்காட்டினர். கணக்கெழுதும் வசதிக்காக இடப்பட்ட பூச்சியத்தை, எரிப்பதால் தீங்கே இல்லை என்பதற்கான சான்றாகச் சட்டமியற்றுவோர் எடுத்துக்கொண்டனர் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். பின்னர் 2021 பெப்ரவரியில் 500க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானிய, தென் கொரியத் தலைவர்களுக்கு இது குறித்து மடல் வரைந்தனர். யப்பானும் கொரியாவும் அதிற் சேர்க்கப்பட்டமை தற்செயலன்று. அந்நாடுகளும் மரக்குறுணியைப் பெருமளவில் இறக்குமதி செய்யத் தொடங்கியிருந்தன.

மரக்குறுணித் தொழிலுக்குச் சார்பானோரின் வாதத்தையும் கூறியேயாகவேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் காட்டின் மொத்த மரத்தொகை பல்லாண்டுகளாகப் பெருகியே வந்துள்ளது. மரக்காலைக் கழிவும் மெலிந்த மரங்களுமே பயன்படுகின்றன. விற்பனைக்கு வழி இருந்தாலன்றி நிலவுடைமையாளர் காட்டை வைத்திருக்கமாட்டார் என்பன அவை. முதல் வாதம் உண்மையாயினும் வினாவுக்கு விடையாகாது. வெட்டாவிடின் காடு இன்னும் எவ்வளவு காபனைச் சேர்த்திருக்கும் என்பதே வினா. மரக்காலைக் கழிவு எப்படியும் உக்கி அழிவது. அதனை எரிப்பதில் இழப்புச் சொற்பம். முழு மரத்தை வெட்டி எரித்தாலோ, அது மீண்டும் அவ்வளவு வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். காலநிலை நெருக்கடிக்கு அவ்வளவு அவகாசமில்லை. மூன்றாவது வாதம் ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆனால் அது காட்டைக் காக்கும் பொறுப்பைப் பிரித்தானிய மின் பாவனையாளரின் மானியத்தின் மீது சுமத்துகின்றது.

காபன் கணக்கில் சேராதவையும் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் கிளொஸ்ரர் என்னும் சிற்றூரில் ஆயிரம் பேருக்கும் குறைவானோரே வாழ்கின்றனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அங்குள்ள குறுணி ஆலை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேலாக ஆவியாகும் சேதனச் சேர்வைகளை வெளிவிட்டமைக்காக மாநில அதிகாரிகள் 2020இல் 25 இலட்சம் டொலர் தண்டம் விதித்தனர். யோக்சயரின் புகைபோக்கியில் 'தூய' சக்தியாக வெளிப்படுவது கிளொஸ்ரரின் மூச்சுக்காற்றில் வேறாக வெளிப்படுகின்றது. கனேடிய மரத்தின் வகை பற்றிய தரவுகளைச் சரிவர அறிக்கையிடாமைக்காக ட்ராக்ஸ் 2024இல் 25 மில்லியன் பவுண் செலுத்த உடன்பட்டது. மானியம் தவறாகப் பெறப்பட்டதற்கு ஆதாரமில்லை எனப் பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர் அப்போது கூறியதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2025 பெப்ரவரியில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி 2027 முதல் 2031 வரை மானியம் ஏறத்தாழப் பாதியாகும். நிலையமும் தன் கொள்ளளவில் 27 வீதத்துக்கு மேல் இயங்காது. விமர்சனத்துக்குக் கிடைத்த பலன் இது எனலாம். ஆனால் முடிவெடுத்த மேசையில் இருந்தவர் வாங்கும் நாட்டின் அரசாங்கமும் விற்கும் கம்பனியுமே.

வாங்குவோர் சட்டம் எழுதினால் விற்போர் அதனைப் பாதுகாப்பு வரி என்பர். பாம் எண்ணெயிலிருந்து ஆக்கப்படும் டீசலைக் காடழிப்பைத் தூண்டுவதெனக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் தன் இலக்குக் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்க முற்பட்டபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடின. 2024 மார்ச்சிலும் 2025 ஜனவரியிலும் வெளிவந்த தீர்ப்புகள் ஒன்றியத்தின் சூழல் நோக்கத்தை நிராகரிக்கவில்லை. அதனை நடைமுறைப்படுத்திய விதத்திலேயே குறை கண்டன. ஜகார்த்தாவின் முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. தன் காடுகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அழித்துவிட்ட கண்டம் பிறர் காட்டுக்கு விதி வகுப்பது எவருக்கும் உவப்பாயிராது. அதற்காகச் சுமாத்திராவின் சதுப்புக் காடுகள் எரிந்தமை பொய்யாகிவிடாது. இரு தரப்பும் உண்மையில் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு மறுபாதியை மறைக்கின்றன.

புது தில்லியில் 2023 செப்ரெம்பரில் உலக உயிரெரிபொருள் கூட்டணி தொடங்கப்பட்டது. பெலெம் நகரக் காலநிலை மாநாட்டையொட்டி 2025இல், நிலைபேறான எரிபொருள்களின் பாவனையை 2035ஆம் ஆண்டளவில் நான்கு மடங்காக்கும் உறுதிமொழியும் முன்வைக்கப்பட்டது. அளவு பெருகும்; யாருடைய பேரேட்டில் எது எழுதப்படும் என்ற வினா அவ்வண்ணமே நிற்கின்றது.

இனி, இலங்கையின் அனுபவத்தில் ஒத்துழைப்புக்கு வேறொரு வடிவமும் இருந்தது. 1980களில் ஷூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழினுட்பக் குழுவின் துணையுடன் உள்நாட்டு நிறுவனங்கள் விருத்திசெய்த 'அனகி' அடுப்பு அதற்குச் சான்று. சிங்களத்தில் இப்பெயர் அரியது, சிறந்தது எனப் பொருள்படும். ஒரே நெருப்பில் இரு பானைகளை வைக்கத்தக்க களிமண் அடுப்பு அது. வெளிநாட்டிலிருந்து வந்தது அறிவும் சிறிது பணமும், களிமண் இங்குள்ளது, வனைபவர் இங்குள்ள குயவர், வாங்குபவர் தம் சமையலுக்கே வாங்குகின்றனர். இலவச விநியோகமாக அல்லாமல் சந்தைப் பொருளாகவே அது பரவி, திட்டங்கள் முடிந்த பின்னும் நிலைத்தது. இங்கு பேரேட்டின் இரு பக்கங்களும் ஒரே வீட்டில் இருந்தன. எரிப்பவரே மிச்சப்படுத்தினார். இதனையும் அளவுக்கு மீறிப் போற்றவேண்டியதில்லை. விறகு குறைந்ததேயன்றிப் புகைபோக்கியில்லாத சமையலறையிற் புகை முற்றாக நீங்கவில்லை. மாநாட்டுத் தீர்மானங்களில் இவ்வடுப்புக்கு இடமில்லாமற் போனமைக்கு அதன் ஏற்றுமதிப் பெறுமதியின்மையும் ஒரு காரணமாகலாம்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இலங்கையின் முதன்மைச் சக்தி வழங்கலில் ஏறக்குறைய பாதி உயிர்த்திணிவாகவே இருந்தது. 2005இல் கிளிரிசிடியா தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வேலியிலும் தென்னைகளுக்கிடையிலும் வளரும் இம்மரம் இலையைப் பசளையாகவும் தீவனமாகவும் தந்து, கிளையை விறகாகத் தருவது. தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்திகள் ஒரு கிலோ தேயிலைக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகை உண்கின்றன. அதே மலைச்சாரல்களில் லயன் அறைகளின் அடுப்புகளும் விறகையே நம்பியுள்ளன. தொழிற்சாலை விறகுக்கு விலை உண்டு, கொள்வனவுப் பதிவேடு உண்டு. கொழுந்து பறித்துத் திரும்பும் பெண் தலையிற் சுமந்துவரும் விறகுக்கு இரண்டுமில்லை. தொழிற்சாலைக்கான தேவை பெருகும்போது அவள் நடக்கவேண்டிய தூரம் கூடுகின்றதா குறைகின்றதா என்பதை அளப்பதற்கு உரோமிலிருந்து சுட்டி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சில தோட்டங்களைத் தெரிந்தெடுத்து, ஓராண்டின் மழைக்காலத்தையும் கோடையையும் உள்ளடக்கி, பல்கலைக்கழக மாணவரே மேற்கொள்ளத்தக்க ஆய்வு அது.